டார்வின் ஆர்க்கிட் பத்தி: எது 'ஃபால்ஸ்', எது 'நாட் கிவன்'?

தும்பி22

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வின் அகாடமிக் ரீடிங் (வாசிப்பு) பகுதிக்கான பயிற்சிப் பத்தி இது. தேர்வில் ஆங்கிலத்தில்தான் வரும். இங்கே விடைக்கான காரணத்தைப் பேசப்போகிறோம் என்பதால் தமிழில் சாரம் தருகிறேன்.

ஏ. 1862 ஜனவரியில் ஜேம்ஸ் பேட்மன் என்பவர் டார்வினுக்கு மடகாஸ்கர் ஆர்க்கிட் பூக்களை அனுப்பினார். அவற்றில் ஒன்று அங்ரேகம் செஸ்குயிபெடேல். அதன் தேன்குழல் 11.5 அங்குல நீளம். அடியில் 1.5 அங்குலத்துக்கு மட்டுமே தேன் இருந்தது. 10 முதல் 11 அங்குலம் வரை நீளும் உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி அந்தத் தீவில் இருந்தாக வேண்டும் என்று டார்வின் எழுதினார். பூச்சியியலாளர் சிலர் இதை ஏளனம் செய்தனர்.

பி. பூச்சி சேகரிப்பில் பேர்போன வாலஸ் 1867இல் டார்வினை ஆதரித்தார். வெப்பமண்டல ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஓர் அந்துப்பூச்சியின் குழலை அளந்தபோது 7.5 அங்குலம் இருந்தது. வானியலாளர்கள் நெப்டியூனைத் தேடிய அதே நம்பிக்கையோடு, மடகாஸ்கர் போகும் இயற்கையியலாளர்கள் இந்தப் பூச்சியைத் தேடலாம் என்றார்.

சி. 1903இல், டார்வின் இறந்து 21 ஆண்டு கழித்து, ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் மடகாஸ்கர் பூச்சிக்குப் பெயரிட்டு விவரித்தனர். ஆப்பிரிக்க இனத்தின் துணையினம் என்றே வகைப்படுத்தினர். அது இந்தப் பூவில் தேன் குடிப்பது முதன்முறையாகப் பதிவானது 1990களில்தான்.

டி. பூவும் பூச்சியும் ஒன்றையொன்று நீள வைத்தன என்பது டார்வினின் விளக்கம். பிற்கால ஆய்வாளர் வாசர்தால் மாற்று விளக்கம் ஒன்றை முன்வைத்தார்: பூவில் பதுங்கியிருக்கும் சிலந்திக்கு எட்டாமல் தள்ளி நின்று குடிக்கும் பூச்சிகள் பிழைத்ததால் குழல் முதலில் நீண்டது, பூ பிறகுதான் அதற்கு ஈடுகொடுத்தது. இதுபற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை.

ட்ரூ (சரி) / ஃபால்ஸ் (தவறு) / நாட் கிவன் (பத்தியில் சொல்லப்படவில்லை):

1. தேன்குழல் முழுக்கத் தேன் இருந்தது.
2. பூச்சியியலாளர்கள் எல்லோரும் டார்வினின் கணிப்பை ஏளனம் செய்தனர்.
3. வாலஸ் மடகாஸ்கருக்குப் போய் அந்தப் பூச்சியைத் தேடினார்.
4. டார்வின் உயிரோடு இருந்தவரை இந்தப் பூச்சி யார் கண்ணிலும் படவில்லை.
5. பூச்சி இந்தப் பூவில் தேன் குடிப்பது 1903க்கு முன்பே பதிவாகியிருந்தது.
6. குழல் நீண்டது சிலந்தியால்தான் என்பது நிறுவப்பட்டுவிட்டது.

நான் போட்டவை: ஃபால்ஸ், நாட் கிவன், ஃபால்ஸ், ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். நாலு தப்பு என்கிறது விடைத்தாள். எங்கே சறுக்கல்?

---

கேள்விக்குறி

2, 3, 4, 6 நான்கும் தப்பு. ஆனால் நாலும் ஒரே மாதிரித் தப்பு இல்லை, அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்கணும்.

முதலில் ஒரு சோதனை. பத்தியின் வாக்கியத்தையும் கேள்வி வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்து, "இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?" என்று கேளுங்க. முடியாது என்றால் ஃபால்ஸ். முடியும் என்றால் அடுத்து, "பத்தியை ஒத்துக்கொண்டால் கேள்வியையும் ஒத்துக்கொண்டே ஆகணுமா?" என்று கேளுங்க. ஆகணும் என்றால் ட்ரூ, இல்லையென்றால் நாட் கிவன்.

மூன்றாவதை இதில் போட்டுப் பாருங்க. "மற்றவர்கள் போய்த் தேடலாம்" என்று வாலஸ் சொன்னார். அவரும் ஒருமுறை போய்த் தேடியிருந்தால் அந்த வாக்கியம் பொய்யாகிவிடுமா? ஆகாது. அதனால் அங்கே ஃபால்ஸ் போட இடமில்லை. நாட் கிவன்.

நாலாவதில் "விவரித்தனர்" என்பதை "பார்த்தனர்" என்று எடுத்துக்கொண்டீங்க. 1903 பெயர் வைத்த ஆண்டு. அதற்கு முன்னாலேயே யாராவது வலையில் பிடித்துப் பெட்டியில் குத்தி வைத்திருக்கலாம், தீவில் வாழ்ந்தவர்கள் தினம் பார்த்திருக்கலாம். பத்தி அதைப் பற்றி மூச்சே விடவில்லை. நாட் கிவன். கேள்வி "பூச்சிக்கு அறிவியல் பெயர் கிடைத்தபோது டார்வின் உயிரோடு இல்லை" என்று இருந்திருந்தால் சந்தேகமே இல்லாமல் ட்ரூ.

ஆறாவதில் "முன்வைத்தார்", "விவாதம் முடியவில்லை" என்று இரண்டு இடத்தில் பூட்டுப் போட்டிருக்கு. நிறுவப்பட்டுவிட்டது என்பது அதோடு சேர்ந்து நிற்காது. ஃபால்ஸ்.

---

வெந்தயவரியன்

மூன்றாவது கேள்வி உயிரியல் படித்தவர்களுக்கென்றே வைத்த பொறி. வாலஸ் அமேசானுக்கும் மலாய்த் தீவுகளுக்கும் போனவர், மடகாஸ்கருக்குப் போனதில்லை. இது தெரிந்தவர் கை தானாக ஃபால்ஸ் பக்கம் போகும். உலகத்தில் அது ஃபால்ஸ்தான், விடைத்தாளில் நாட் கிவன்.

இதே பத்தியில் இன்னொன்றும் இருக்கு. சி பத்தி "துணையினம்" என்கிறது. 2021இல் அதைத் தனி இனமாக உயர்த்திவிட்டார்கள், இப்போது பெயர் சாந்தோபன் பிரெடிக்டா. "1903இல் விவரித்தவர்கள் அதைத் தனி இனமாகக் கருதினர்" என்று கேள்வி வந்தால் ஃபால்ஸ். "இன்று அது தனி இனம்" என்று வந்தால் நாட் கிவன். நமக்குத் தெரிந்ததை எழுத அங்கே இடம் கிடையாது.

அதற்காகப் பாடம் தெரியாமல் இருப்பதே நல்லது என்று சிலர் சொல்வதை ஏற்க மாட்டேன். பாடம் தெரிந்தவர் வேகமாகப் படிப்பார். அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு, விடை எழுதும்போது மட்டும் ஆதாரமான வரியின் மேல் விரல் வைக்கணும். விரல் வைக்க வரி இல்லையென்றால் அது தலையிலிருந்து வந்த விடை.

---

மட்டுநகர்

2ஆம் கேள்வியிலே எனக்கு உடன்பாடில்லை. "சிலர் ஏளனம் செய்தனர்" எண்டால் மிச்சப் பேரும் செய்திருக்கலாம்தானே? கேள்விக்குறி சொன்ன சோதனைப்படி ரெண்டும் சேர்ந்து நிற்கலாம். அப்ப நாட் கிவன் எண்டு தும்பி போட்டது எப்படிப் பிழை?

---

கேள்விக்குறி

நியாயமான கேள்வி. தர்க்கப் பாடத்தில் நீங்கள் சொல்வதே சரி. ஆனால் இது மொழித் தேர்வு. "சிலர்" என்று எழுதினால் "எல்லோரும் இல்லை" என்றுதான் சாதாரண வாசகர் எடுத்துக்கொள்வார். "சம்" என்பதை "ஆல்" ஆக மாற்றியிருந்தால் ஃபால்ஸ் என்று எடுப்பதே வழக்கம். இந்தப் பத்தியில் அந்த வழக்கத்தை நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. பூச்சி சேகரிப்பில் பேர்போன வாலஸ் ஆதரித்தார் என்று பி பத்தியிலேயே இருக்கே, "எல்லோரும்" அங்கேயே உடைந்துவிடுகிறது.

இந்த வகைப் பத்தியில் அளவுச் சொற்களை வட்டமிட்டே படிக்கணும்: ஆல், மோஸ்ட், சம், ஒன்லி, ஃபர்ஸ்ட், நெவர், மெயின்லி. பரிணாமப் பத்தியில் இன்னொரு கூட்டம் சேரும்: சஜஸ்ட், ப்ரபோஸ், ப்ரிடிக்ட், கன்ஃபர்ம், டெமான்ஸ்ட்ரேட். முதல் மூன்றும் கருத்து, கடைசி இரண்டும் முடிவு. கேள்வி எழுதுபவர் ஒரு பக்கத்துச் சொல்லை மறுபக்கத்துக்கு மாற்றி வைப்பார், அவ்வளவுதான் அவருடைய தந்திரம்.

---

பேண்ட்_ஏழு

ட்ரூ-ஃபால்ஸ் கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வரும் என்பதையும் பயன்படுத்திக்கணும். 2க்கு விடை ஏ பத்தியின் கடைசி வரியில், 5க்கு சி பத்தியில் என்றால் 3ம் 4ம் அந்த இடைவெளிக்குள்தான் கிடக்கணும். அங்கே இரண்டு தடவை தேடியும் வரி கிடைக்கவில்லை என்றால் நாட் கிவன் போட்டுவிட்டு நகருங்க. கிடைக்காத வரிக்காக முழுப் பத்தியையும் மறுபடி படிப்பதில்தான் 4, 5 நிமிடம் கரைகிறது.

ஆனால் 'எந்தப் பத்தியில் இந்தத் தகவல் உள்ளது' என்று கேட்கும் மேட்சிங் இன்ஃபர்மேஷனுக்கு இந்த வரிசை கிடையாது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்க. மற்ற கேள்விகளுக்காகப் பத்தியைச் சுற்றி வந்த பிறகு பாதி இடம் நினைவில் இருக்கும்.

ரீடிங்கில் மூன்று முழுப் பத்திகள், மொத்தம் 40 கேள்வி, 60 நிமிடம். விடையை மாற்றி எழுதத் தனி நேரம் ரீடிங்கில் இல்லை. மூன்று பத்திக்கும் தலா 20 நிமிடம் என்று பிரிக்காதீங்க, மூன்றாவது கடினமாக இருக்கும். 17, 20, 23 என்று வைத்தால் சரியாக வரும். தப்புக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடக்கூடாது. அகாடமிக்கில் 40க்கு 30 எடுத்தால் ஏறக்குறைய பேண்ட் (தேர்வின் தர அளவு) 7, 23 எடுத்தால் 6.

---

தும்பி22

நன்றி. 2, 3, 4, 6 இப்போது தெளிவு. இதே பத்தியில் ஒரு மல்டிபிள் சாய்ஸ்:

டார்வினின் விளக்கப்படி குழல் நீண்டது ஏன்?
அ. பூச்சிகள் ஆழத்திலுள்ள தேனை எட்டுவதற்காகக் குழலை நீட்டிக்கொண்டன
ஆ. நீளமான குழல் உள்ள பூச்சிகளும் நீளமான தேன்குழல் உள்ள பூக்களும் தலைமுறைதோறும் கூடுதலாகப் பெருகின
இ. சிலந்திகள் குட்டைக் குழல் பூச்சிகளைத் தின்றன
ஈ. நீளமான பூவில் தேன் அதிகம்

அ-வுக்கும் ஆ-வுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை.

---

வெந்தயவரியன்

விடை ஆ. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் பரிணாமப் பத்தி எது வந்தாலும் பாதி வேலை முடிந்தாச்சு.

நடப்பது இது. ஆர்க்கிட்டின் மகரந்தம் தூளாக உதிராது, ஒட்டும் திரளாக இருக்கும். பூச்சி கடைசிச் சொட்டுத் தேனுக்காகத் தலையைப் பூவுக்குள் அழுத்தினால்தான் திரள் அதன் குழலின் அடிப்பகுதியில் ஒட்டும். தேன்குழல் குட்டையாக உள்ள பூவில் பூச்சி அழுத்தாமலே குடித்துவிட்டுப் போய்விடும். மகரந்தம் ஒட்டாது, விதை குறையும். அதனால் நீளமான பூக்களின் வாரிசு பெருகும். இப்போது பூச்சிப் பக்கம் பாருங்க. பூக்கள் நீண்டுவிட்டதால் குட்டைக் குழல் பூச்சிக்குத் தேன் எட்டாது, நெட்டைக் குழல் பூச்சிக்கு வயிறு நிறையும். அதன் வாரிசு பெருகும். இப்படியே மாறி மாறி.

எந்தப் பூச்சியும் தன் வாழ்நாளில் குழலை நீட்டவில்லை, எந்தப் பூவும் திட்டம் போடவில்லை. அ-வில் உள்ள "நீட்டிக்கொண்டன" என்ற சொல்லே அதைத் தப்பாக்குகிறது. "எட்டுவதற்காக" என்று நோக்கம் கற்பிக்கும் விடைத்தெரிவைப் பரிணாமக் கேள்வியில் பார்த்தால் இரண்டு தடவை யோசியுங்க. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிடவும் கூடாது. பத்தி எழுதியவரே பேச்சுவாக்கில் "டு அட்ராக்ட் பாலினேட்டர்ஸ்" என்று எழுதுவார். அப்போது அந்த வாக்கியத்தை ஒட்டிய தெரிவே விடை.

இ என்பது வாசர்தால் பக்கத்து விளக்கம். அதைத் தூக்கி டார்வின் வாயில் வைத்திருக்கிறார்கள். ஈ-க்குப் பத்தியில் ஆதாரமே இல்லை, அடியில் 1.5 அங்குலம் என்பதோடு சரி.

---

கேள்விக்குறி

ஆள் பெயரோடு கருத்தைப் பொருத்தும் கேள்வியிலும் இதே தந்திரம்தான். முதல் வாசிப்பில் ஒவ்வொரு பெயரையும் அடிக்கோடிடுங்க, கம்ப்யூட்டர் முறையில் ஹைலைட் செய்யுங்க. பெயர் வராமல் "ஹீ", "த லேட்டர்", "ஹிஸ் கிரிட்டிக்ஸ்" என்று வரும் இடங்களையும் சேர்த்துக்குறிங்க, விடை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். 'ஒரே எழுத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தலாம்' என்ற வரி இருந்தால் யாரோ ஒருவர் இரண்டு தடவை வரலாம், ஒருவர் வராமலே போகலாம்.

எண்களும் அப்படித்தான். இந்தப் பத்தியில் அங்குலக் கணக்கு நாலு இடத்தில் வருகிறது: 11.5, 1.5, 10 முதல் 11, 7.5. "வாலஸ் அளந்தது" என்று கேட்டால் 7.5. அது மடகாஸ்கர் பூச்சி இல்லை, ஆப்பிரிக்கப் பூச்சி. அவசரத்தில் 11.5 போட்டுவிட்டு வருபவர்கள் நிறைய.

---

மட்டுநகர்

தலைப்புப் பொருத்துறதுக்கு யுக்காச் செடிப் பந்தி ஒண்டு பயிற்சிக்கு நல்லது. 1872இலே சார்ல்ஸ் ரைலி விவரிச்ச உறவு. பெண் அந்துப்பூச்சி வாய்ப்பகுதியிலே மகரந்தத்தை உருட்டி எடுத்துக்கொண்டு போய், வேற பூவிலே முட்டையிட்டு, மகரந்தத்தையும் சூலகமுடியிலே தானே அமத்தி வைக்கும். புழு கொஞ்ச விதையைத் தின்னும், மிச்சம் செடிக்கு. முட்டை அளவுக்கு மிஞ்சின பூவைச் செடி உதிர்த்துப்போடும். அதோட அந்தப் புழுக்களும் போச்சு.

இப்ப தலைப்பு எது? "யுக்கா அந்துப்பூச்சியின் வாழ்க்கை" எண்டு ஒண்டும், "பேராசைக்குத் தண்டனை" எண்டு ஒண்டும் இருக்கும். பந்தியின்ர முதல் நாலு வரி பூச்சியைப் பற்றி, "ஹவெவர்" வந்த பிறகு ஆறு வரி பூ உதிர்றதைப் பற்றி எண்டால் இரண்டாவதுதான். முதல் வரியை மட்டும் பார்த்துத் தலைப்புப் போடச்சொல்லிக் குடுக்கிறவையின்ர பேச்சைக் கேக்காதேங்கோ. "ஹவெவர்", "யெட்", "பட்" எங்க நிக்குது எண்டு பார்த்து, அதுக்குப் பின்னால இருக்கிற பாரத்தை நிறுத்துப் பார்க்கோணும்.

---

அத்திமரம்

ஃப்ளோ சார்ட் நிரப்பும் கேள்விக்கு அத்திக் குளவியை விடப் பொருத்தமான பொருள் கிடைக்காது, படிநிலை அவ்வளவு சுத்தம். பெண் குளவி காயின் நுனித் துளை வழியாக நுழையும். துளை இறுக்கமானது, இறக்கை அங்கேயே பிய்ந்துவிடும். உள்ளே பூக்களுக்கு மகரந்தம் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு அங்கேயே இறக்கும். அடுத்த தலைமுறையில் ஆண்கள் முதலில் வெளிவரும். இவற்றுக்கு இறக்கை கிடையாது. பெண்களோடு கூடிவிட்டு, காய்ச் சுவரில் வெளியேறும் வழியைக் குடைந்து கொடுக்கும். பெண்கள் மகரந்தத்தோடு அந்த வழியாகப் பறந்துவிடும்.

கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. நுழைந்த துளையும் வெளியேறும் துளையும் வேறு வேறு, ஆங்கிலத்தில் "ஓப்பனிங்" ஒன்று, "டனல்" ஒன்று. படிநிலை எண்ணைப் பார்க்காமல் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதிவிடுவார்கள். இரண்டாவது, இறக்கை இழப்பது பெண், இறக்கையே இல்லாமல் பிறப்பது ஆண். "லூஸ்" என்ற வினை இருந்தால் பெண்ணைப் பற்றிய வரி.

நம் ஆட்களுக்கென்று தனியாக ஒரு பொறியும் உண்டு. "அத்தி பூத்தாற்போல" என்று சொல்லிச் சொல்லி அத்தி அபூர்வமாகத்தான் பூக்கும் என்று மனசில் பதிந்துபோச்சு. நாம் காய் என்று பார்ப்பதே நூற்றுக்கணக்கான பூக்களை உள்ளே வைத்து மூடிய பை. மரம் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது, வெளியே தெரிவதில்லை. "அத்தியின் பூக்கள் வெளிப்பார்வைக்குத் தெரியாது" என்ற கேள்வியையும் "அத்தி அரிதாகவே பூக்கும்" என்ற கேள்வியையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

பேண்ட்_ஏழு

சம்மரி, ஃப்ளோ சார்ட் இரண்டுக்கும் விதி ஒன்றுதான்: பத்தியில் இருக்கும் சொல்லை எழுத்து மாறாமல் எடுத்து எழுதணும். 'ஒன் வேர்ட் ஒன்லி' என்றால் இரண்டு சொல் எழுதினால் பூஜ்யம், அதில் ஒன்று சரியாக இருந்தாலும். ஹைஃபன் போட்ட சொல் ஒரே சொல். பன்மை 'எஸ்' விட்டுப்போனால் தப்பு. கோடிட்ட இடத்துக்கு முன்னால் 'ஏ' அல்லது 'ஆன்' இருக்கிறதா, பின்னால் வரும் வினை ஒருமையா பன்மையா என்று பார்த்தால் சொல்லின் வடிவம் அதிலேயே தெரிந்துவிடும்.

சொல்லைத் தேடும்போது கேள்வியில் இருக்கும் சொல்லையே பத்தியில் தேடாதீங்க, மாற்றுச் சொல் இருக்கும். இந்தப் பாடத்தில் அடிக்கடி ஜோடி சேர்பவை: ப்ரோபோசிஸ் (உறிஞ்சுகுழல்) என்றால் டங்க், நெக்டரி (தேன்குழல்) என்றால் ஸ்பர் அல்லது டியூப், டாக்சின் என்றால் கெமிக்கல் டிஃபென்ஸ், மியூச்சுவலிசம் என்றால் 'போத் பார்ட்டீஸ் பெனிஃபிட்', கோஎவொல்யூஷன் என்றால் 'ரெசிப்ரோகல் சேஞ்ச்'.

---

தும்பி22

கடைசியாக ஒரு சந்தேகம். யெஸ் / நோ / நாட் கிவன் என்று வந்தால் டி பத்தி மாதிரி இடத்தில் எப்படி? "நிறுவப்பட்டுவிட்டது" கேள்வியே அங்கே வந்தால்?

---

கேள்விக்குறி

யெஸ்-நோ வகை கட்டுரை எழுதியவரின் கருத்தைக் கேட்கும். வாசர்தால் என்ன நினைத்தார் என்பது எழுதியவரின் கருத்து ஆகாது. "விவாதம் முடியவில்லை" என்பது எழுதியவரே தன் குரலில் சொல்வது, அதனால் "நிறுவப்பட்டுவிட்டது" என்றால் நோ. "வாசர்தாலின் விளக்கமே டார்வினுடையதை விடச் சிறந்தது" என்று வந்தால், எழுதியவர் எந்தப் பக்கமும் சாயவில்லை, நாட் கிவன். விடைத்தாளில் ட்ரூ கேட்ட இடத்தில் ட்ரூ, யெஸ் கேட்ட இடத்தில் யெஸ் என்றே எழுதுங்க, மாற்றி எழுதி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.